பாளையங்கோட்டையிலிருந்து பனிமலைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பனியை முதன்முதலாகக் கையால் தொட்டபோது எனக்கு வயது 41. அதற்குப் பிறகு இமயமலையில் கேதார்காந்தா சிகரம் இரண்டு முறை, எவரெஸ்ட் அடிவார முகாம் ஒரு முறை போய் வந்தாயிற்று. அன்றிலிருந்து அரையாண்டுத் தேர்வு நெருங்கினாலே போதும். ஆசிரியர் அறையிலும், வ.உ.சி. மைதானத்து நடையிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேள்விகள் வந்து விழுகின்றன. ஒரே பதிலை எத்தனை முறைதான் சொல்வது என்று எழுதி வைத்துவிட்டேன். நான் மருத்துவர் அல்ல. மருந்து பற்றி வரும் இடங்களில் உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அகத்தியர் மலை ஏறியவனுக்கு இமயமலை என்ன பெரிய விஷயம், டீச்சர்?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல காலும் நல்ல மூச்சும் உள்ளவர்கள். அதனால்தான் இவர்களை நினைத்துக் கவலைப்படுகிறேன்.

அகத்தியர் மலையான பொதிகையின் உச்சி 1,868 மீட்டர். கேரளத்தின் போணக்காட்டில் நடக்கத் தொடங்கி, அதிருமலை முகாமில் தங்கி, கயிற்றைப் பிடித்துப் பாறை ஏறி அகத்தியரைக் கும்பிட்டு வருவது லேசான காரியம் இல்லை. (பாபநாசம் பக்கமிருந்து ஏற இப்போது அனுமதி இல்லை. பெண்களுக்கு உச்சிவரை வழி திறந்ததே நீதிமன்றம் சொன்ன பிறகு, 2019 ஜனவரியில்தான்.) ஆனால் உயரத்துக்கு உடம்பு பழகாமல் வரும் மலைநோய் என்பது ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும். தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். தென்னாட்டில் அதற்கு மேல் மலையே கிடையாது. ஆகவே இந்தப் பக்கம் எத்தனை மலை ஏறி இறங்கினாலும் அந்த நோய் உங்களுக்கு வருமா வராதா என்று தெரியப்போவதில்லை.

சிவன் கல்யாணக் கூட்டத்தில் வடக்கு தாழ்ந்துபோக, பூமியைச் சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்கள் என்பது நம் ஊர்க் கதை. எவரெஸ்ட் 8,849 மீட்டர். கழித்துப் பார்த்தால் சமன் செய்ய இன்னும் 6,981 மீட்டர் பாக்கி நிற்கிறது.

மேலே போகப் போக ஆக்ஸிஜன் குறைந்துவிடுமாமே?

விகிதம் குறைவதில்லை. வண்ணாரப்பேட்டையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 3,800 மீட்டரில் அது நம் ஊர் அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. 5,500 மீட்டரில் சரிபாதி. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜனும் அதே கணக்கில் குறைகிறது.

இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பாடம் இது. கேதார்காந்தா அடிவார முகாமில்தான் எனக்கே விளங்கியது. பையில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் பாக்கெட் ஒன்று வைத்திருந்தேன். ஊரில் வாங்கும்போது துவண்டு தட்டையாகக் கிடந்தது, அங்கே எடுத்துப் பார்த்தால் தலையணைபோல் உப்பி, ஓரத்து ஒட்டு விறைத்து, விரலால் தட்டினால் மத்தளம்போல் ஒலிக்கிறது. பிரித்ததும் 'டப்' என்று வெளியே வந்தது கோவில்பட்டிக் காற்று. கூடாரத்தில் இருந்த மற்றவர்கள் மிட்டாயைத் தின்றார்கள். நான் காலி உறையைப் பத்திரமாக மடித்து வைத்தேன், ஒன்பதாம் வகுப்புக்குக் காட்டுவதற்கு.

உடம்புக்கு இந்தக் குறை தெரிந்ததும் அது முதலில் செய்வது மூச்சை வேகப்படுத்துவது. வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடும். அதைச் சரிக்கட்டச் சிறுநீரகம் வேலை செய்ய வேண்டும். அதற்குச் சில நாள்கள் பிடிக்கும். புதிய சிவப்பணுக்கள் போதிய அளவில் உருவாக வாரங்கள் ஆகும். இரவில் மூச்சு கொஞ்ச நேரம் வேகமாக ஓடி, பிறகு நின்றாற்போல் நின்று, மறுபடி தொடங்கும். பக்கத்தில் படுத்திருப்பவரின் குறட்டை சட்டென்று நின்றுபோய்ப் பத்து விநாடி கழித்து வந்தால் பதறி எழுந்து உலுக்காதீர்கள். நான் உலுக்கினேன். நல்ல தூக்கத்தைக் கெடுத்துவிட்டதாக அந்த அம்மா மறுநாள் முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படியானால் இங்கே ஓடியும் நடந்தும் பழகி என்ன பயன்?

உடல் வலு வேறு, உயரத்துக்குப் பழகுவது வேறு. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் மலைநோய் வரும். சொல்லப்போனால் அவருக்கு ஒரு ஆபத்து கூடுதல்: கால் வேகமாகப் போகிறது என்பதற்காக, உடம்பு பழகுவதற்கு முன்பே உயரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்.

பயிற்சி எடுப்பது, ஆறேழு மணி நேரம் நடந்த பிறகும் கொஞ்சம் பலம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காக. களைத்த கால்தான் வழுக்கும். களைத்தவர்தான் தண்ணீர் குடிக்க மறப்பார், கையுறையைப் போடச் சோம்பல்படுவார். எதற்கும் மூச்சு வாங்குகிறவருக்குத் தன் மூச்சுத் திணறல் களைப்பினாலா நோயினாலா என்றே பிரித்துப் பார்க்கத் தெரியாது. உடல் தகுதியோடு போகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். எனக்கு இதுவே பெரிய காரணமாகப் படுகிறது.

எத்தனை மாதம் பழக வேண்டும்? நம் ஊரில் எங்கே பழகுவது?

மூன்று மாதம். அதற்குக் குறைவாக வைத்துக்கொண்டு என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.

முதல் மாதம் வ.உ.சி. மைதானமோ வாய்க்கால் கரையோ, எங்கே வசதியோ அங்கே வேகநடை. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஐந்து கிலோமீட்டரை நாற்பது நிமிடத்துக்குள் முடிக்க முடிகிறதா என்று மலையேற்ற ஏற்பாட்டாளர்கள் பலர் கேட்பார்கள், நியாயமான அளவுதான். ஆனால் மைதானம் தட்டை. தட்டையில் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் தொடைக்குப் பாடம் கிடைக்காது.

இரண்டாம் மாதத்திலிருந்து படி. மூன்று மாடி வீடு இருந்தால் போதும். காலை ஆறு மணிக்கு முதுகில் பையை மாட்டிக்கொண்டு இருபது முறை ஏறி இறங்குங்கள். எதிர் வீட்டு ஆச்சி முதல் வாரம் வேடிக்கை பார்ப்பார், இரண்டாம் வாரம் என்ன வேண்டுதல் என்று கேட்பார், மூன்றாம் வாரம் விட்டுவிடுவார். பையில் கல்லும் மணலும் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் ஒன்று ஒரு கிலோ. இரண்டில் தொடங்கி ஏழெட்டு வரை ஏற்றிக்கொண்டே போகலாம்.

ஞாயிறு தோறும் தோரணமலை. கடையத்துக்கும் தென்காசிக்கும் இடைப்பட்ட முருகன் மலை, ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். தண்ணீரைச் சுமந்து ஏறி, உச்சியில் பாரத்தைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்குங்கள். ஏறும்போது மூச்சுக்கும் தொடைக்கும் வேலை. இறங்கும்போது மூட்டுக்கு அடி. பாரத்தோடு இறங்கி ஊரிலேயே மூட்டைக் கெடுத்துக்கொண்டு மலைக்குப் போவானேன்? முதல் ஞாயிறு முடிந்து மறுநாள் தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாது. நான்காவது ஞாயிற்றுக்குப் பிறகு முடியும். நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான், கைக்கடிகாரம் காட்டும் எண்கள் எல்லாம் பிறகு.

திருக்குறுங்குடி மலை நம்பி கோயில் பாதையும் நல்ல பாதை. ஆனால் அதுவும் காரையாறு, மாஞ்சோலைப் பக்கமும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக் காடு. வனத்துறை விடும் நாளில், விடும் நேரத்தில், விடும் இடம்வரைதான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இறந்ததை மறந்துவிட்டு, "எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், குறுக்கே போகலாம்" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். முறையாகக் காட்டுக்குள் நடக்க, வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு போகலாம்.

கேட்காமலே சொல்கிறேன்: மூச்சைக் கட்டுப்படுத்தும் முகமூடி ஒன்றை 'மலைப் பயிற்சி' என்று விற்கிறார்கள். அது மூச்சு விடுவதைக் கடினமாக்குமே தவிரக் காற்றழுத்தத்தைக் குறைக்காது. காசு மிச்சம்.

முதல் பயணம் எங்கே?

உத்தராகண்டில் கேதார்காந்தா. உச்சி சுமார் 3,800 மீட்டர். டேராடூனிலிருந்து ஒரு பகல் முழுவதும் வண்டியில் போய் சாங்க்ரி என்ற ஊரில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஏறி இறங்க நான்கைந்து நாள். டிசம்பரில் பனி இருக்கும், அரையாண்டு விடுமுறையிலும் அடங்கும், அவசரம் என்றால் கீழே இறங்குவதும் எளிது. கடைசியாகச் சொன்னதுதான் முதல் காரணமாக இருக்க வேண்டும்.

எங்கே போவதானாலும் திட்டத்தில் உச்சியின் உயரத்தைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு இரவும் எந்த உயரத்தில் படுக்கிறோம் என்று எழுதிப் பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், படுக்கும் உயரம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது; மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். எவரெஸ்ட் அடிவார முகாம் பாதையில் லுக்லா 2,860, நாம்சே 3,440, அங்கே இரண்டு இரவு, தெங்போச்சே 3,860, திங்போச்சே 4,410, அங்கே இரண்டு இரவு, லோபுச்சே 4,940, கோரக் ஷேப் 5,164, அங்கிருந்து போய்வரும் அடிவார முகாம் 5,364. தங்கும் நாளிலும் சும்மா படுத்துக் கிடக்காமல் இன்னும் கொஞ்சம் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து படுக்க வேண்டும். இரண்டு நாள் குறைத்துத் தருகிறோம், பணமும் குறைவு என்று ஒருவர் சொன்னால், அவர் குறைப்பது அந்தத் தங்கும் நாள்களைத்தான்.

தலை வலித்தால் மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கலாமா?

உயரத்தில் வரும் தலைவலியை, வேறு காரணம் நிச்சயமாகத் தெரியாதவரை, மலைநோய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே குமட்டல், தலைச்சுற்றல், அசதி, தூக்கமின்மை வரலாம். லேசாக இருந்தால் வலி மாத்திரை போடலாம், தண்ணீர் குடிக்கலாம், ஓய்வெடுக்கலாம். ஆனால் மேலே ஒரு அடி வைக்கக் கூடாது. சரியானால் ஏறலாம். கூடினால் இறங்க வேண்டும். இரவா, மழையா, ஐந்து லட்சம் செலவழித்தோமா என்றெல்லாம் பார்க்கக் கூடாது.

இது முற்றினால் இரண்டு வழியில் ஆளைக் கொல்லும். ஒன்று நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது: உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கும், விடாத இருமல், நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம், உதடு நீலம் பாய்தல். இன்னொன்று மூளை வீக்கம்: நடை தள்ளாடும், பேச்சு குழறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். இரண்டுக்கும் முதல் வைத்தியம் உடனே கீழே இறக்குவது. ஆக்ஸிஜனும் ஊசியும் அதற்குத் துணை மட்டுமே.

எங்கள் எவரெஸ்ட் குழுவில் இருபத்தாறு வயதுத் தம்பி ஒருவர் இருந்தார். உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்த்த உடம்பு. எப்போதும் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்து எங்களுக்குத் தேநீர் சொல்லி வைத்திருப்பார். திங்போச்சேயில் இரவுச் சாப்பாட்டுக்கு வந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார். "ஒன்றும் இல்லை அக்கா, தூக்கம் சரியில்லை, அவ்வளவுதான்" என்றார். மூன்று நாளாகவே தலைவலி இருந்திருக்கிறது. குழுவை விட்டுத் தன்னை இறக்கிவிடுவார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. வழிகாட்டி எதுவும் பேசாமல் அவரை எழுப்பி, தரைப் பலகையின் இணைப்புக் கோட்டைக் காட்டி, குதிகாலை முன்காலின் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். சின்ன வயதில் எல்லாரும் விளையாட்டாக நடந்த நடைதான். மூன்று அடி சரியாக வைத்தார். நான்காவது அடியில் சுவரைப் பிடித்துக்கொண்டார். சிரித்துக்கொண்டே மறுபடி நடந்து பார்த்தார். மறுபடியும் நான்காவது அடி. அப்போது வழிகாட்டியின் முகத்தைப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் இரண்டு பேர் அவரை இருபுறமும் தாங்கிக்கொண்டு, தலையில் டார்ச் கட்டி, இருட்டில் பாங்போச்சேக்கு இறக்கினார்கள். மறுநாள் ஹெலிகாப்டரில் காட்மாண்டு மருத்துவமனை. பிழைத்துக்கொண்டார். இப்போதும் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறார்.

தலைவலியை மறைப்பது நம் ஆட்களிடம் உள்ள பெரிய குறை. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதை வீரம் என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். மூன்று மாதப் பயிற்சியில் ஒரு நாளை ஒதுக்கி, "எனக்கு முடியவில்லை, இங்கேயே உட்காருகிறேன்" என்று சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். கேலியாகச் சொல்லவில்லை.

டயமாக்ஸ் மாத்திரை கட்டாயமா?

கட்டாயம் இல்லை. அசெட்டசோலமைடு என்ற அந்த மருந்து, மேலே சொன்ன சிறுநீரக வேலையைத்தான் விரைவுபடுத்துகிறது. மலைநோய் வராமல் தடுக்க, பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் காலை மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் ருசியே இருக்காது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ஊரிலேயே ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. இதைப் போட்டுக்கொண்டால் வேகமாக ஏறலாம் என்று நினைப்பவர் போடாமலே இருக்கலாம்.

தூக்க மாத்திரையும் மதுவும் கூடவே கூடாது. இரண்டும் தூக்கத்தில் மூச்சை மந்தப்படுத்தும்.

யாரெல்லாம் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

எல்லாரும். நாற்பது தாண்டியவர்கள், இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் கண்டிப்பாக. கர்ப்பிணிகள் அடுத்த முறை போகலாம். பெண்கள் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்த ஆக்ஸிஜனைச் சுமக்கவே அங்கே ஆள் பற்றாத நேரத்தில், சோகையோடு போவது பாதிக் கூலியாட்களோடு அறுவடைக்கு இறங்குவது மாதிரி. எனக்கு முதலில் 9.8 இருந்தது. நான்கு மாதம் இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக் கீரையுமாகக் கழித்தேன். இன்சுலின் போடுகிறவர்கள் மருந்தை உறையவிடாமல் உடம்போடு ஒட்டிய பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா அம்மாவைக் கேதார்நாத் கூட்டிப் போகிறோம். அதற்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. யாத்திரை என்பதால் மலை சலுகை தருவதில்லை. கௌரிகுண்டம் சுமார் 1,980 மீட்டர். கோயில் 3,583 மீட்டர். 16 கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஒரே நாளில் 1,600 மீட்டர் உயர்கிறோம். நான் மேலே சொன்ன கணக்கில் இது பெரிய தாவல். மட்டக்குதிரையில் போனால் கால் தப்பிக்கும், நுரையீரல் தப்பிக்காது. ஹெலிகாப்டர் இன்னும் மோசம். பத்து நிமிடத்தில் அந்த உயரத்தில் இறக்கிவிட்டுவிடும். அதில் போனால் தரிசனம் முடித்து அன்றே இறங்கிவிடுங்கள். நடந்து போனால் பாதியில் ஓர் இரவு தங்குங்கள். பெரியவர்கள் ஏகாதசி, பிரதோஷம் என்று பட்டினியாக ஏறுவதை இந்த ஒரு முறை விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். கைலாச மலையைச் சுற்றி வரும் பரிக்கிரமா இதைவிடப் பல மடங்கு. தோல்மா கணவாய் 5,630 மீட்டர், நம் ஊர்க் காற்றில் பாதிகூட இல்லை.

வழியில் கற்பூரத்தை முகரச் சொல்வார்கள். மூக்குக்கு இதமாக இருக்கும். ஆக்ஸிஜன் தராது.

குளிருக்கு என்ன உடை? நம்மிடம் ஸ்வெட்டரே கிடையாதே.

மார்கழியில் மாஞ்சோலைக்குப் போனபோது போட்ட ஸ்வெட்டர் அங்கே காணாது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் முகாமில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை இறங்குவதுண்டு. ஒரே தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு போவதைவிட, மூன்று அடுக்காக உடுத்துவதுதான் முறை: உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் கம்பளியோ ஃப்ளீஸோ, அதற்கும் மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். நடக்கும்போது கழற்றுவீர்கள், நின்றதும் போடுவீர்கள். பருத்தியை மட்டும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். வேர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, நின்ற இடத்தில் ஈரத்துணியாய் உடம்பில் ஒட்டிக் குளிரடிக்கும். இரவுக்கு ஒரு ஜோடிக் காய்ந்த காலுறை தனியாக; அதைப் பகலில் தொடவே கூடாது. குரங்குக் குல்லாவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் முதல் இரவோடு சிரிப்பை நிறுத்துவார்கள். கறுப்புக் கண்ணாடி அழகுக்கு அல்ல: பனி, சூரியனின் புற ஊதாக் கதிரில் பெரும் பகுதியைத் திருப்பி அடிக்கும், ஒரு பகல் வெறும் கண்ணோடு நடந்தால் இரவில் மிளகாய்ப் பொடி விழுந்தாற்போல் எரியும்.

பெரிய ஜாக்கெட்டைச் சாங்க்ரியிலேயே வாடகைக்கு எடுக்கலாம். ஷூவை மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள். ஊரில் வாங்கி, அரை அளவு பெரிதாக வாங்கி, இரண்டு மாதம் அதையே போட்டு நடந்து பழக வேண்டும். இறங்கும்போது விரல் முன்னால் போய் முட்டும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

என் கதை: இரண்டாம் முறை போனபோது, முதல் பயணத்து ஷூ புதிதுபோல்தானே இருக்கிறது என்று பரணிலிருந்து எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனேன். நான்கு வருடம் நம் ஊர் வெக்கையில் கிடந்திருக்கிறது. இரண்டாம் நாள் காலை, வலது கால் அடியில் ஏதோ கூடுதலாக ஒரு தட்டல். குனிந்து பார்த்தால் அடிப்பாகம் முன்புறம் பிரிந்து, தவளை வாய்போல் திறந்து மூடுகிறது. உள்ளே இருந்த ஒட்டும் நுரை, விரலால் தொட்டால் பொரிமாவாக உதிர்ந்தது. மதியத்துக்குள் இடதும் போயிற்று. கூடாரக் கயிற்றில் துண்டு வெட்டி இரண்டையும் பார்சல்போல் கட்டிக்கொண்டு மீதி வழி நடந்தேன். வெளியே பளபளவென்று இருந்தாலும் இந்த வகை அடிப்பாகம் சும்மா கிடந்தே வீணாகும். கிளம்புவதற்கு முன் வளைத்துப் பாருங்கள்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

சைவம்தான் பெரும்பாலும் கிடைக்கும். சப்பாத்தி, பருப்பு, உருளைக்கிழங்கு, சோறு. அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. சோறு நம் வீட்டுப் பதத்தில் இருக்காது. சிக்கல், பசியே எடுக்காது என்பதுதான். பசிக்காவிட்டாலும் சாப்பிட வேண்டும். அதற்குத்தான் ஊர்ச் சாமான்: பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், உடன்குடிக் கருப்பட்டி, சுக்கு. சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்ட ஒரு டம்ளர் வெந்நீருக்கு எங்கள் முகாமில் மராத்திக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். பொரிவிளங்காய் உருண்டை நல்ல தெம்புதான், ஆனால் குளிரில் அதைக் கடிப்பதற்கு முன் பல் வைத்தியரையும் கேட்டுக்கொள்ளுங்கள். அல்வா எடுத்துப் போனேன். நெய் உறைந்து மெழுகாகிவிட்டது.

தண்ணீர் நாளுக்கு மூன்று நான்கு லிட்டர், ஒரே மூச்சில் அல்ல, நாள் முழுவதும் வாய் வாயாக. அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்துதான், உப்பு நீர்த்துப்போகும்.

இந்தி தெரியாதே?

எனக்கும் தெரியாது. நான்கு சொல் போதும். 'சிர் தர்த்' தலைவலி, 'சக்கர்' தலைச்சுற்றல், 'உல்டி' வாந்தி, 'தீரே தீரே' மெதுவாக. நேபாளத்தில் கடைசிச் சொல்லுக்கு 'பிஸ்தாரை'. ஷெர்பாக்கள் நாளெல்லாம் அதைத்தான் சொல்வார்கள்.

கழிப்பறை, மாதவிடாய்?

பெண்கள் காதோடு கேட்கும் கேள்வி. ஆகவே சத்தமாகவே பதில் சொல்கிறேன். குழி வெட்டி அதன் மேல் சிறு கூடாரம், மண்ணள்ளி மூட ஒரு கரண்டி. அவ்வளவுதான். உயரத்தில் மாதவிடாய் முன்பின் தள்ளி வரலாம். நாள் பார்த்துக் கிளம்பினாலும் தயாராகவே போங்கள். பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றி, மூடும் பையில் போட்டுக் கீழே கொண்டுவர வேண்டும். பனியில் புதைத்தால் அடுத்த கோடையில் மேலே வந்து நிற்கும். சிறுநீர் கழிக்க வெளியே போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் பெண்கள் செய்யும் தவறு. "இதெல்லாம் பொம்பளைகளுக்கு எதற்கு" என்று வீட்டில் யாராவது இழுத்தால், பக்கத்து விருதுநகர் மாவட்டத்துக்காரரான முத்தமிழ்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியிலேயே ஏறி நின்றதைச் சொல்லுங்கள்.

காப்பீடு அவசியமா?

நேபாளத்துக்கு அவசியம். சாதாரணப் பயணக் காப்பீட்டில் எந்த உயரம்வரை செல்லும் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். நீங்கள் போகும் உயரம் அதற்குள் வருகிறதா, ஹெலிகாப்டர் மீட்பு சேர்ந்திருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். திங்போச்சேத் தம்பிக்கு அந்த வரி சரியாக இருந்தது.

எப்படிப் போவது?

திருநெல்வேலியில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லி நிஜாமுதீன். இரண்டு நாள் உட்கார்ந்தே கால் வீங்கும்; நிலையத்துக்கு நிலையம் இறங்கி நடங்கள். விடுமுறை குறைவு என்றால் தூத்துக்குடி வாகைகுளத்தில் விமானம் பிடித்துச் சென்னை வழியாக டேராடூன். லடாக்கின் லே நகருக்குப் போகிறவர்கள் கவனியுங்கள்: விமானம் நேராக 3,200 மீட்டருக்கு மேலே இறக்கிவிடும். முதல் இரண்டு நாள் அறையை விட்டு அதிகம் நகரக் கூடாது.

எடுத்துப்போய்ப் பயன்படாமல் போன பொருள் எது?

தேங்காய் எண்ணெய். வீட்டில் வற்புறுத்தி ஒரு பாட்டில் வைத்து அனுப்பினார்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்று பாடம் நடத்துகிறவளுக்கே தோன்றவில்லை. டெல்லி தாண்டும்போதே வெள்ளைக் கல். ஆறு நாள் முதுகில் சுமந்து, தென்னை வாடையைக்கூடப் பார்க்காமல் திரும்பி, மதுரை தாண்டும்போது பையைத் திறந்தால் முழுதாக உருகி என் தெர்மலை நனைத்திருந்தது.